எண்ணெய் இளகும் வரை

என் மனைவிக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரியவந்தபோது அது உடம்பின் வேறு இடங்களுக்கும் போய்விட்டிருந்தது. அதற்கு முன் சில மாதங்களாக முதுகு நோகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பெரிய சட்டிகளைத் தூக்கி இறக்குகிற வேலை அவளுக்கு. முதுகு நோகாமல் என்ன செய்யும் என்று நாங்கள் இருவருமே நினைத்துவிட்டோம்.

நாங்கள் இந்தக் குளிர்நாட்டில், ரெக்ஸ்டேல் என்ற இடத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். நான் பிறம்ரனில் உள்ள ஒரு களஞ்சியத்துக்கு ட்ரக் ஓட்டுகிறேன். ஒரே மகள் கலியாணம் முடித்துப் பிக்கரிங்கில் இருக்கிறாள். நான் விடியப் புறப்பட்டு இருட்டியபின் வருவேன். மனைவி மத்தியானம் போய் இரவு வருவாள். ஒரே வீட்டில் இருந்தாலும் சனி, ஞாயிறுதான் ஒருவரையொருவர் நன்றாகப் பார்ப்போம். வருத்தம் இன்னதென்று தெரிந்தபின் அவள் வேலையை விட்டாள். நான் லீவு எடுத்தேன். கலியாணம் முடித்ததிலிருந்து இவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து இருந்ததேயில்லை.

கீமோ தொடங்கியதும் சாப்பாடு நின்றுவிட்டது. நோவை அவள் பொறுத்துக்கொள்வாள். ஓங்காளத்தை, அந்தக் குமட்டலைத்தான் பொறுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் வெங்காயம் தாளிக்கிற மணம் கதவுக்குக் கீழால் வந்தாலே எழுந்து குளியலறைக்கு ஓடுவாள். ஓடமுடியாமல் போனபின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்தேன். தினமும் நூறு பேருக்குச் சமைத்தவள், ஒரு கரண்டி கஞ்சியைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள். சத்தி வராமலிருக்கத் தந்த குளிசையையே சத்தி எடுத்தாள்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைப் பார்த்து மெல்லமாக ஒரு விஷயம் சொன்னார். குளிசை வயிற்றில் நிற்காவிட்டால், மூச்சோடு உள்ளே போகிற மருந்து ஒன்று இருக்கிறது, உடனே வேலை செய்யும், விருப்பமென்றால் எழுதித் தருகிறேன் என்றார். மனைவி என் கையைச் சுரண்டினாள்.

“என்னவாமப்பா?”

“ஒரு மருந்தாம். இழுக்கிற மருந்து.”

“முட்டு வருத்தக்காரர் மூச்சுக்கு இழுக்கிற பஃப் மாதிரியோ?”

“ஓம், அது மாதிரித்தான்” என்றேன். காருக்குள் வந்து பெல்ட்டைப் போட்டபின்தான் அது கஞ்சா எண்ணெய் என்று சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்கள் சிகரட் குடிச்ச காலத்தில, பிள்ளை வயித்தில இருக்கேக்க, அந்த மணத்துக்கு நான் சத்தி எடுத்தனான். உங்களுக்கு ஞாபகமோ?”

“அதாலதானே விட்டனான்.”

“இப்ப என்னைக் குடிக்கச் சொல்லுறியள்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அது இருமலில் முடிந்தது.

மருந்து ஒரு சின்னப் பெட்டியில் வந்தது. எழுதுகிற பேனை அளவில் ஒரு பற்றரி, அதற்குப் பேனை என்றே பெயர். அதன் தலையில் திருகிப் பூட்டுவதற்கு, எண்ணெய் நிறைத்த ஒரு கண்ணாடிக் குழல். பற்றரியின் நடுவில் ஒரே ஒரு பொத்தான். எண்ணெய் பொன்நிறமாகத் தடித்துப்போய் இருந்தது. குழலைச் சரித்துப் பார்த்தேன், அசையவில்லை. மனைவி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“குளிருக்கு உறைஞ்ச தேங்காயெண்ணெய் மாதிரிக் கிடக்கு” என்றாள்.

அவள் வாழ்நாளில் ஒரு பீடி, சுருட்டைக்கூட வாயில் வைத்தவள் அல்ல. எப்படி இழுப்பது என்று தெரியாது. “முதல்ல நீங்கள் இழுத்துக் காட்டுங்கோ” என்றாள். எனக்கு அது முடியாது. ட்ரக் ஓட்டுகிறவனின் உமிழ்நீரில் அந்த மருந்தின் சாடை தெரிந்தாலே லைசன்ஸ் போய்விடும். குளிர்ப்பெட்டியில் மாம்பழச்சாறுப் பெட்டி ஒன்று கிடந்தது. அதிலிருந்த ஸ்ட்ரோவைக் கழற்றி வாயில் வைத்து இழுத்துக் காட்டினேன்.

“முதல்ல வாய்க்குள்ள எடும். பிறகு ஸ்ட்ரோவை எடுத்துப்போட்டு, காத்தை உள்ள இழும். சாறு குடிக்கிற மாதிரி உறிஞ்சக் கூடாது.”

அவள் வெறும் ஸ்ட்ரோவை வைத்துக்கொண்டு கன்னம் குழிய இழுத்தாள். மூச்சை உள்ளே விடாமல் விழுங்கினாள். “விழுங்காதையும்” என்றேன். மறுபடியும் விழுங்கினாள். கட்டிலின் ஓரத்தில் இருவரும் ஆளுக்கொரு ஸ்ட்ரோவுடன் இருந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் மகள் வந்திருந்தால் எங்களுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

முதல்நாள் எல்லாம் பிழைத்துப் போனது. அவள் இழுத்தாள், எதுவும் வரவில்லை. குழலின் துளையைத் தடித்த எண்ணெய் அடைத்திருந்தது. பெட்டிக்குள் இருந்த மடிப்புத்தாளில், பொத்தானை இரண்டு தரம் சட்டென்று அமுக்கினால் ‘பிரீஹீட்’ என்று போட்டிருந்தது. எண்ணெயை முன்கூட்டியே சூடாக்குகிற செற்றிங். அமுக்கினேன். பொத்தானைச் சுற்றியிருந்த வெளிச்சம் மினுங்கத் தொடங்கியது. அதுதான் இழுக்கவேண்டிய நேரம் என்று நினைத்து, “இழும், இழும்” என்றேன். வரவில்லை. மினுங்கல் நின்றது. மறுபடி அமுக்கினேன். மறுபடியும் வரவில்லை. போதிய சூடு இல்லையாக்கும் என்று திரும்பத் திரும்ப அமுக்கினேன். பிறகு பொத்தானை அழுத்திப் பிடித்தபடி அவளிடம் கொடுத்தேன்.

இந்தமுறை வந்தது. எரிந்த எண்ணெயின் கசப்பான புகை, வாய் நிறைய. அவள் இருமிய இருமலில் முகம் கறுத்துவிட்டது. வாளியைப் பிடித்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் வெறும் மஞ்சள் தண்ணீர் வந்தது. முடிந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“எனக்கு உது வேண்டாமப்பா. உதைக் கொண்டுபோய் எறியுங்கோ.”

நான் எறியவில்லை. குசினி அலுமாரிக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

மகள் அடுத்த நாள் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் பொத்தானை இரண்டு தரம் அமுக்கிவிட்டு மேசையில் வைத்தாள்.

“அப்பா, ஜஸ்ட் வெயிட். டோன்ட் டச் இற்.”

வெளிச்சம் மினுங்கியது. நான் கையை நீட்டப் பார்த்தேன். அவள் தட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மினுங்கல் தானாக நின்றது. குழலைச் சரித்துக் காட்டினாள். உள்ளே இருந்த எண்ணெய் ஒரு பக்கமாக மெல்ல வழிந்தது.

அப்போதுதான் விளங்கியது. நான் முதன்முதலில் ஓட்டிய சின்ன டீசல் ட்ரக்கில், சாவியை முதல் தரம் திருப்பினால் டாஷில் சுருள் போல ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணையும்வரை ஸ்ரார்ட் பண்ணக்கூடாது. என்ஜின் அப்போது ஓடுவதில்லை. ஓடுவதற்கு ஆயத்தமாகச் சூடேறுகிறது. பனிக்காலத்தில் அவசரப்பட்டுத் திருப்புகிறவனுக்கு பற்றரியும் போய், ட்ரக்கும் நிற்கும். இதுவும் அதேதான். பிரீஹீட்டில் எரிப்பதற்கான சூடு இல்லை. மிகக் குறைந்த சூட்டில் எண்ணெயை இளக்கித் துளையைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஒருதரம் போட்டால் போதும். அது முடிந்தபின் மெதுவாக இழுக்கவேண்டும். திரும்பத் திரும்பச் சூடாக்கினால் எண்ணெய் கருகும், இல்லாவிட்டால் கீழே வழிந்து மறுபடி அடைக்கும். நான் முதல்நாள் இரண்டையும் செய்திருந்தேன்.

மனைவியைச் சம்மதிக்க வைத்தவள் மகள்தான். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார்கள். வெளியே வந்தபோது மகளின் கண் சிவந்திருந்தது. “அம்மா ட்றை பண்ணுறாவாம்” என்றாள்.

மகள் கூட்டிவரும் பேரப்பிள்ளை வீட்டில் தவழும் என்பதால் அறைக்குள் இழுக்க மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. பல்கனியில் நின்றால் குளிர். கடைசியில் குளியலறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் போட்டு, குளிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வைத்தேன். அதில் அவள் இருந்தாள். நான் தொட்டியின் விளிம்பில் இருந்தேன். இரண்டு தரம் அமுக்கினேன். வெளிச்சம் மினுங்கி நிற்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இப்ப மெதுவா.”

அவள் மெதுவாக இழுத்தாள். இருமல் வரவில்லை. மெல்லிய வெள்ளையாக ஏதோ வாயிலிருந்து வெளியே வந்தது. அதைப் பார்த்து அவளே திகைத்துப் போனாள்.

கொஞ்ச நேரம் பொறுத்து, “சொதி கிடக்கே?” என்று கேட்டாள்.

சொதி இருக்கவில்லை. வைத்தேன். வெங்காயத்தைத் தாளிக்காமல், தேங்காய்ப்பாலில் உப்பும் மஞ்சளும் ஒரு பச்சை மிளகாயும் போட்டு வைத்தேன். இரண்டு இடியப்பத்தைப் பிசைந்து சாப்பிட்டாள். “உப்பு காணாது” என்றாள். எனக்கு அந்தக் குறையைத் திரும்பவும் கேட்க வேண்டும்போல இருந்தது.

அதற்குப் பிறகு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. சாப்பாட்டுக்கு முன் நான் அவளைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கூட்டிப்போவேன். பொத்தானை அமுக்குகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். மினுங்கி முடியும்வரை காத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஏதாவது சொல்வாள். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இல்லத்தில் மீன் வேண்டாம் என்று தினமும் சண்டை பிடிக்கும் ஒரு கிழவரைப் பற்றி. மகளுக்குப் பேறுகாலத்தில் கொடுத்த சரக்குத்தூளில் மிளகு கூடிப்போனதைப் பற்றி. வெளிச்சம் நின்றதும் பேச்சை நிறுத்தி இழுப்பாள். பாதியில் விட்ட கதையைப் பிறகு தொடரமாட்டாள். மருந்து அவளைக் கொஞ்சம் தூரத்துக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே அவளைப் பற்றி நான் கடைசிக் காலத்தில் அறிந்துகொண்டவை எல்லாம் பாதிக் கதைகள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறம்ரனிலிருந்து அவளுடைய அக்கா, என் மச்சாள், சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். கோயில் விபூதியும் ஒரு பெட்டி மோதகமும் கையில். நாங்கள் குளியலறையில் இருந்தோம். மகள் கதவைத் திறந்துவிட்டாள். மச்சாள் நேரே வந்து எட்டிப் பார்த்தார். தங்கச்சியின் வாயில் பேனையும் மூக்கில் புகையும்.

“என்னடி உது?”

“மருந்தக்கா.”

“மருந்தோ? கஞ்சா மணமெல்லோ அடிக்குது! தம்பி, நீங்களே உதை வாங்கிக் குடுக்கிறது?” என்று என்னைப் பார்த்தார். 

மனைவி பேனையை என் கையில் தந்தாள். “அக்கா, அந்த மோதகத்தில ஒண்டு தாங்கோ” என்றாள்.

மச்சாள் அசையவில்லை.

“தாங்கோவன். நான் சாப்பிடப் போறன். நீங்கள் பாத்துக்கொண்டிருங்கோ.”

ஸ்டூலில் இருந்தபடியே ஒரு மோதகத்தை மெதுவாகக் கடித்துச் சாப்பிட்டு முடித்தாள். பயறு உள்ளங்கையில் உதிர்ந்தது, அதையும் நக்கினாள். மச்சாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். பிறகு தொட்டி விளிம்பில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, “இன்னுமொண்டு சாப்பிடடி” என்றார்.

மாசி மாதத்தில் ஒருநாள் ஸ்கான் எடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். கீமோவால் பயனில்லை, நிறுத்திவிடலாம் என்று அன்றைக்குத்தான் சொன்னார்கள்.  பாதி வழியில் அவளுக்கு ஓங்காளம் தொடங்கியது. வாகனத்துக்குள் இழுப்பது சட்டப்படி குற்றம். ஒரு கடைத்தொகுதியின் பின்பக்கம் நிறுத்தி, என் ஜாக்கெற்றையும் அவளுக்குப் போட்டு இறக்கினேன். காற்று முகத்தை வெட்டியது. பேனை அவளுடைய கைப்பையில் கிடந்து ஐஸாகியிருந்தது. எண்ணெய் கல்லு.

இரண்டு தரம் அமுக்கினேன். மினுங்கி நின்றது. இழுத்தாள், வரவில்லை. அந்தக் குளிருக்கு அந்தச் சூடு எம்மாத்திரம். மறுபடி அமுக்கப் போனேன்.

“கருக்கிப்போடுவியள், பொறுங்கோ” என்று வாங்கி, தன் சுவெற்றருக்குள்ளே, கமக்கட்டில் வைத்துக்கொண்டாள். காரில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் காற்றுக்கு மறைப்பாக அவளுக்கு முன்னால் நின்றேன்.

“எவ்வளவு காலமெண்டு டொக்டர் உங்களிட்டச் சொன்னவரோ?”

“இல்லை.”

“கேட்டனீங்களோ?”

“இல்லையப்பா.”

“நான் கேட்டனான். நீங்கள் பார்க்கிங்குக்குக் காசு கட்டப் போனநேரம், தமிழ் நேர்ஸிட்டக் கேட்டனான்.” அவள் கண்ணைத் திறக்கவில்லை. “கோடையைக் காணமாட்டனாம்.”

நான் ஜாக்கெற்றின் கொலரை அவளுடைய கழுத்துவரை இழுத்துவிட்டேன்.  அவள் பேனையை எடுத்து, பொத்தானை அமுக்கி, மினுங்கி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்து, இழுத்தாள். இந்தமுறை வந்தது. ஓங்காளம் அடங்கியபின் அந்தக் கடைத்தொகுதியில் இருந்த டோனற் கடைக்குள் போனோம். அவள் ஒரு தேத்தண்ணியில் பாதி குடித்தாள். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் குனிந்துகொண்டு நடந்து போவதைப் பார்த்தபடி, “மகளுக்கு இண்டைக்குச் சொல்லவேண்டாம், அவளுக்கு நாளைக்கு வேலையில ஏதோ பிரசன்டேசனாம்” என்றாள். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்கு நேர்ஸ் வரத் தொடங்கினார். மனைவிக்கு மூச்சுக் குறையத் தொடங்கியது. முன்பு இழுத்ததில் பாதிகூட இழுக்க முடியாது. பிரீஹீட் போட்டு எண்ணெய் நன்றாக இளகியபின், உதட்டில் வைத்துச் சும்மா மூச்சு விட்டாலே கொஞ்சம் உள்ளே போகும். சில கிழமை அது போதுமாயிருந்தது. குளியலறைக்குப் போவது நின்றது. கட்டிலில் வைத்தே கொடுத்தேன். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுவேன்.

ஒருநாள் காலை பொத்தானை அமுக்க அவளுடைய பெருவிரலுக்குப் பலம் வரவில்லை. நான் அமுக்கினேன். மினுங்கல் நின்றது. உதட்டில் வைத்தேன். நெஞ்சு ஏறி இறங்கியது. புகை உள்ளே போகவில்லை. மறுபடி வைத்தேன். அவள் தலையை மெல்ல அசைத்தாள்.

“காணும்.”

“இன்னும் ஒருக்காப் பாப்பம். நல்லா இளகிக் கிடக்கு.”

“எண்ணெய் இளகித்தான் கிடக்கு” என்றாள். “எனக்குத்தான் காத்தில்லை.”

பேனையை நான் எடுத்து வைத்தேன். அன்று பின்னேரம் நேர்ஸ் வந்து, மருந்து போகத் தோலுக்குக் கீழே ஊசி பூட்டினார். அதன்பிறகு அவள் சாப்பாடு கேட்கவில்லை.

கடைசி நாட்களில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. மகள் பிள்ளையைக் கணவனிடம் விட்டுவிட்டு வந்து அங்கேயே படுத்தாள். நானும் மகளும் மாறி மாறி ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தோம். இறப்பதற்கு முதல்நாள் மத்தியானம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “சாப்பிட்டியளோ?” என்றாள். “ஓம்” என்றேன். “என்ன?” என்று கேட்டாள். என்ன என்று சொல்லுமுன்னே மறுபடி தூங்கிவிட்டாள். மரங்களில் இன்னும் தளிர் வரவில்லை. வெளியே பழைய பனி அழுக்காகிக் கிடந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து, சனமெல்லாம் போய், மகளும் அன்றைக்குத்தான் பிக்கரிங்குக்குத் திரும்பியிருந்தாள். யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தேன். கூரியர்க்காரர். தலைப்பாகை கட்டிய ஒரு நடுத்தர வயதுச் சீக்கியர். கையில் சின்னப் பெட்டி. மாதாமாதம் தானாக வருகிறபடி மகள் பதிந்து வைத்திருந்த மருந்து. அதை நிறுத்தவேண்டும் என்ற நினைவு எங்கள் யாருக்கும் வரவில்லை. பெட்டியில் மனைவியின் பெயர் இருந்தது. அவர் அதைப் பிழையாக உச்சரித்தார். அந்தப் பெயருக்குரியவரே வந்து அடையாள அட்டை காட்டிக் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்.

அவள் இல்லை என்றேன்.

எப்போது வருவார், நாளைக்கு வரட்டுமா என்று கேட்டார்.

அந்தக் கிழமை முழுக்க இந்தச் செய்தியை மற்றவர்கள்தான் எல்லோருக்கும் சொன்னார்கள். மகள் சொன்னாள், மச்சாள் சொன்னார், மருமகன் சொன்னார். தமிழில் ‘அவ மோசம்போயிட்டா’ என்று ஆட்கள் அவளுடைய சாவைச் சொல்லும்போது நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். என் வாயால் நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அந்த மனிதருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். என் மனைவி இறந்துவிட்டாள் என்று. சொன்னபின் அந்தச் சொற்கள் என் காதில் விழுந்தன.

அவர் பெட்டியைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். “சாரி, அங்கிள்” என்றார். பிறகு ஏதோ பஞ்சாபியில் மெல்லச் சொன்னார், பிரார்த்தனையாக இருக்கவேண்டும். கையெழுத்து வேண்டாம், நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன், இனி வராது என்றார். அவருடைய போனில் எதையோ அமுக்கிவிட்டு நடந்தார். லிஃப்ட் வரச் சுணங்கியது. அது வரும்வரை அவர் அங்கே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். நான் கதவைச் சாத்தாமல் இங்கே நின்றேன்.